கோட்டு போட்டவரும் கூண்டில் நின்றவரும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கெங்கிருந்தோ வந்து முட்டி மோதுவார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் உள்ளே போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தையல்காரர் மகன் எப்படி நுழைந்தான் என்று சொல்லிவிட்டால் அவன் கதையில் பாதி முடிந்த மாதிரிதான்.

நேர்முகத் தேர்வு அறையில் இரண்டு பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பல வருஷமாக ஆகாது. சாட்சி இல்லாமல் கொடுத்த வாக்கு செல்லுமா செல்லாதா என்று ஒருவர் கேட்டார். இவன் வாயைத் திறப்பதற்குள் செல்லும் என்று அவரே விளக்க ஆரம்பித்துவிட்டார். மற்றவர் குறுக்கே விழுந்து, செல்லவே செல்லாது என்றார். இவன் அவர் பேசும்போது அவரையும் இவர் பேசும்போது இவரையும் பார்த்து, "அதுவும் நியாயந்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நேரம் போய்விட்டது. அவனிடம் இன்னொரு கேள்விகூடக் கேட்கவில்லை. பையன் நம்ம பக்கம் என்று இரண்டு பேரும் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்கள்.

தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். தந்திரமாக இருந்தால் பிழைத்துக்கொண்டிருப்பானே. எதிரே ஒரு மனிதர் நாலு காரணம் சொல்லிப் பேசினால் அவனுக்கு உள்ளே ஏதோ இளகிவிடும். தலை தானாக ஆடும், வாய் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடும். பேருந்தில் அவன் துண்டு போட்ட இடத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்வான், அவன் சட்டையைத் தொலைத்த சலவைக்கடைக்காரரிடமும் சொல்வான். முதல் மாதத்திலேயே கூடப் படித்தவர்கள் அவனுக்கு 'நியாயந்தான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்குப் பிறகு பரீட்சைத் தாளில் மட்டும்தான் இருந்தது.

எழுத்துப் பரீட்சைகளில் அவன் புலி. ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம், குற்றவியல் சட்டம், எதிலும் தங்கவில்லை. தாளில் எதிராளி வந்து பேசமாட்டார் அல்லவா. மாட்டிக்கொண்டது பயிற்சி நீதிமன்றத்தில்தான்.

மேல்மாடியில் ஒரு நீளமான கூடத்தை நீதிமன்றம் மாதிரியே செய்து வைத்திருந்தார்கள். உயரத்தில் நீதிபதி மேசை, கீழே இரண்டு பக்கமும் வழக்கறிஞர் மேசைகள், ஓரத்தில் மரக்கம்பி போட்ட கூண்டு, பின்னால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு பெஞ்சுகள். பேராசிரியர் ஒரு வழக்கைக் கற்பனையாக எழுதிக் கொடுப்பார். மாணவர்கள் இரண்டு தரப்பாகப் பிரிந்து வாதாட வேண்டும், அவரே நீதிபதியாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இதில் தேறாமல் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாமல் யாரும் வக்கீலாக முடியாது. "கனம் நீதிபதி அவர்களே" என்றுதான் அவரை அழைக்க வேண்டும் என்பதால் அவருக்கே 'கனம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. மனிதர் ஆளைப் பார்த்தால் மின்விசிறியை மெதுவாக வையுங்கள் என்று சொல்லத் தோன்றும்.

முதல் தடவை நியாயந்தான் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல். அரசுத் தரப்பு பேசி முடித்தது. இவன் எழுந்து, தொண்டையைச் செருமி, "அதுவும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அடுத்த தடவை அரசுத் தரப்புக்கே போட்டுப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு பேசியதும் அதே இரண்டு வார்த்தை. கனத்தின் மேசைக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி எழுதியிருந்தது: தன் கட்சிக்காரரை விட்டுக்கொடுக்கும் வழக்கறிஞருக்குத் தேர்ச்சி இல்லை. வருஷா வருஷம் அவன் அதன் கீழேதான் தோற்றான். கூடப் படித்தவர்கள் வக்கீலானார்கள். அவர்களில் ஒருவர் நீதிபதியாகக்கூட ஆகிவிட்டார். இவன் மட்டும் மாடிப்படிக்குக் கீழே இருந்த விடுதி அறையில் தங்கிவிட்டான்.

சும்மா தங்கவிடவில்லை. அதுவரை பயிற்சி நீதிமன்றத்தின் கூண்டில் குற்றவாளியாக நின்றது ஒரு கோட் ஸ்டாண்டு. அதன்மேல் ஒரு பழைய சட்டையைப் போட்டுவிட்டு, "இவனைப் பாருங்கள், இவன் முகத்தில் வருத்தம் தெரிகிறதா" என்று மாணவர்கள் அதைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தார்கள். பார்வையிட வந்த குழு இதைப் பார்த்து முகம் சுளித்து, இனிமேல் கூண்டில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று விதி எழுதிவிட்டுப் போனது. கோட் ஸ்டாண்டை முதல்வர் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். கனம் நியாயந்தானைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் தலையாட்டறது நல்லா வருதே. கூண்டுல நில்லு, ரூமைக் காலி பண்ணச் சொல்லாம நான் பாத்துக்கறேன்" என்றார். அதுவும் நியாயந்தான் என்று இவன் ஏறி நின்றான்.

அந்த வேலையில் அவன் கொடிகட்டிப் பறந்தான். மாமனார் உயிலைத் திருத்தினான், கல்யாணமே ஆகாமல். ஓடாத கப்பலைக் காப்பீட்டுக்காகக் கொளுத்தினான். கேன்டீனில் கல்லாவில் இருந்த அம்மா காலையில் தேநீர் கொடுக்கும்போதே, "இன்னிக்கு என்ன தம்பி பண்ணே?" என்று கேட்பார். "இன்னிக்குக் கொலைங்க. கொஞ்சம் சர்க்கரை தூக்கலாப் போடுங்க" என்பான். அரசுத் தரப்பு எதைச் சொன்னாலும் குற்றவாளியே கூண்டிலிருந்து ஆமோதித்துவிடுவதால் ஒரு வழக்கிலும் அவன் விடுதலையானதில்லை.

இதனால் வந்த வினை ஒன்று உண்டு. ஒருமுறை பெண்வீட்டார் விசாரிக்க வந்தார்கள். வாசலில் இருந்த காவலாளி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "அவரா? மேல கோர்ட்டுல இருக்காரு, இன்னிக்குத் தீர்ப்பு. போன வாரம் ஆயுள் தண்டனை ஆச்சு. தங்கமான மனுஷன்." பெண்ணின் அப்பா அப்படியே திரும்பி வண்டி ஏறிவிட்டார். அதெல்லாம் நடிப்பு என்று ஆள் விட்டுச் சொன்னதற்கு, மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பதில் வந்தது. இவன் அதைக் கேட்டு என்ன சொன்னான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக் கதை வேறு. அவன் பல்கலைக்கழகத்தில் நுழைந்த அன்றே அம்மா தெரு முழுக்க, "என் பையன் வக்கீல்" என்று சொல்லிவிட்டார். விடுமுறையில் வந்தவனிடம் மாடிவீட்டு ஏசி தண்ணீர் தங்கள் துணியில் சொட்டுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் வந்தார். துணியை ஏசிக்குக் கீழே காயப்போட்டது யார் தப்பு என்று மாடிவீட்டுக்காரர் வந்தார். தனித்தனியாக வந்த இருவருமே ஜெயித்துவிட்ட முகத்தோடு திரும்பிப் போனார்கள். அன்று சாயங்காலம் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அவர் தையல்காரர், வீட்டின் முன்னறையே கடை. மகனுக்கு இடம் கிடைத்த வாரமே வக்கீல்கள் போடும் கறுப்புக் கோட்டைத் தைத்துவிட்டார். பையன் வளருவான் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தார். பையன் வளரத்தான் செய்தான், பக்கவாட்டில். விடுதிச் சாப்பாடு அப்படி. ஒவ்வொரு தடவை தோற்று வரும்போதும் அப்பா தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார். இந்த வருஷம் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு மேல விடத் துணி இல்லப்பா" என்றார்.

பல்கலைக்கழகமும் அதையேதான் வேறு மாதிரி சொல்லியிருந்தது. இந்த முறையும் தேறாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதன்பிறகு எந்தக் காலத்திலும் அவன் வக்கீல் ஆக முடியாது. மற்றவர்கள் விஷயத்தில் எதையும் சிரித்தபடி விட்டுக்கொடுப்பவனுக்கு இது மட்டும் வலித்தது. வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அவனுக்கு நிஜமாகவே இருந்தது. யாரும் கேட்காத மனிதர்களின் பேச்சை உட்கார்ந்து கேட்பதுதான் வக்கீல் வேலை என்று சின்ன வயதிலிருந்தே நினைத்திருந்தான். திருப்பிப் பேச வேண்டும் என்பதுதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கதி.

பரீட்சை நாளும் வந்தது. வழக்கு இதுதான்: முடிதிருத்தும் கடைக்கு வந்த ஒருவர் போகும்போது வேறொருவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திருட்டா, மறதியா? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அரசுத் தரப்புக்கு வந்தது ஒரு மாணவி. சேர்ந்த நாளிலிருந்து முதலிடத்தை விடாத பெண் என்பதால் அவளை எல்லாரும் 'பதக்கம்' என்றே கூப்பிடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலாக வந்தது நியாயந்தான்.

"அப்ப கூண்டுல யார் சார் நிக்கறது?" என்று பதக்கம் கேட்டாள்.

"எப்பவும் நிக்கறவர்தான்" என்றார் கனம்.

"அவர்தானே சார் வக்கீல்."

"கூண்டுல ஒரு மனிதர் இருக்கணும்னுதான் விதி. வேற மனிதரா இருக்கணும்னு இல்ல. கோட்டு போட்டிருந்தா வக்கீல், கழட்டிட்டா கட்சிக்காரர். சட்டத்தோட பார்வையில ரெண்டு பேர்."

நியாயந்தான் அதற்கும் தலையாட்டிவிட்டான். அந்தத் தலையாட்டலோடு காரியம் முடிந்துபோனது.

பின் பெஞ்சில் அப்பா வந்து உட்கார்ந்திருந்தார். மகனுக்காக வந்ததைவிடக் கோட்டுக்காக வந்தார் என்றும் சொல்லலாம். சட்டைப்பையில் கறுப்பு நூல் கோத்த ஊசி தயாராக இருந்தது. பக்கத்தில் கேன்டீன் கல்லாவம்மா. அவன் அம்மா வரவில்லை, பையன் கோர்ட்டில் வாதாடுகிறான் என்று தெருவில் எப்போதும் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் அது உண்மை.

நியாயந்தான் கோட்டைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்துவிட்டுக் கூண்டில் ஏறி நின்றான். பதக்கம் எழுந்தாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை.

"குடையை மாத்தி எடுத்துட்டேன்னு எதிர்த்தரப்பு சொல்லும். மாத்தி எடுக்கணும்னா முதல்ல தன் குடைன்னு ஒண்ணு இருக்கணும். இவர் கடைக்குள்ள வரும்போது கையில குடையே இல்லைன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். இல்லாத குடையை ஒருத்தர் எப்படி மறந்துட்டு மாத்தி எடுக்க முடியும்?"

எவ்வளவு அழகான கேள்வி என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதுதான் தாமதம்.

"அதுவும் நியாயந்தான்" என்றது கூண்டு.

"குற்றம் சாட்டப்பட்டவரே ஒத்துக்கிட்டார். இதைப் பதிவு பண்ணிக்கணும்" என்று பதக்கம் உட்கார்ந்தாள்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நியாயந்தான் கீழே இறங்கி வந்து கோட்டை மாட்டினான். கை உள்ளே போகும்போது அக்குள் தையல் முனகியது. அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோது அவனுக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. சற்றுமுன் அந்தக் கூண்டில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்த ஆள்மேல் வந்த கோபம்.

"கனம் நீதிபதி அவர்களே, என் கட்சிக்காரரோட தனியாப் பேசணும்."

கனம் அனுமதி கொடுத்தார். அவன் காலிக் கூண்டின் அருகே போய், மரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசினான். நடுநடுவே நிறுத்தி, பதில் வருவதற்கு அவகாசம் கொடுத்தான். கட்சிக்காரரும் வக்கீலும் பேசுவதை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று பதக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நன்றாகப் படித்தவர்கள் கூடிவிட்டால் எதுவும் நடக்கும்.

"பேசியாச்சா?" என்றார் கனம்.

"பேசிட்டேன். என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறார்." அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "என் கட்சிக்காரரை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். யார் எதைச் சொன்னாலும் அவர் இப்படித்தான் சொல்வார். பண்ணாததுக்கும் சொல்வார். அது ஒப்புதல் இல்ல, அது ஒரு மாதிரி… இருமல் மாதிரி. அதை வெச்சு அவரைத் தண்டிக்கக் கூடாது."

"ஆதாரம் இருக்கா?" என்றாள் பதக்கம்.

அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

அப்பா கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று உறுதி கொடுத்தார். கற்பனை வழக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

"என் கட்சிக்காரரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பையனுங்க."

வாழ்நாளில் முதல்முறையாக அப்பா அவனிடம் 'ங்க' போட்டுப் பேசினார். கோட்டைப் பார்த்து வந்த 'ங்க' அது.  அடுத்த கேள்வி வர நேரமாயிற்று.

"அவர் எதையாவது ஒத்துக்கிட்டா, அதை உண்மைன்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கவே கூடாதுங்க. பள்ளிக்கூடத்துல பந்தடிச்சு ஜன்னலை உடைச்சான்னு ஒரு தடவை வாத்தியார் வந்தார். இவனும் ஆமான்னு தலையாட்டிட்டான். ஜன்னல் உடைஞ்ச அன்னிக்கு முழுக்க இவன் காய்ச்சல்ல படுத்திருந்தான், என் மடியில." அப்பா கம்பியைத் தடவினார். "இன்னொரு நாள் கடையில ஒரு நல்ல துணியை இஸ்திரிப் பெட்டியால கருக்கிட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கல. நீ என் புள்ளையே இல்லடான்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, அதுவும் நியாயந்தான்ப்பான்னு சொன்னான்."



"அதை நீங்க ஒப்புதலா எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டான் வக்கீல்.

"எப்படிங்க எடுத்துக்கறது? மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு."

கனம் இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பதக்கம் எழுந்தாள். "ஒரு அப்பா பையனுக்குச் சாதகமாத்தானே சாட்சி சொல்வார்?"

"அதுவும் நியாயந்தான்" என்றான் நியாயந்தான்.

சொன்ன நொடியே கையைத் தூக்கி வாயைப் பொத்தினான். கை மேலே போன வேகத்தில் கோட்டின் அக்குள் தையல் டர்ரென்று இடுப்புவரை கிழிந்தது. கூண்டில் நின்றிருந்த அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

கனம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இந்த நபர் 'அதுவும் நியாயந்தான்' என்று சொல்வது பிறவிப் பழக்கம் என்று சாட்சியத்தால் தெரிகிறது. அதற்கு ஒப்புதல் என்ற மதிப்பு கிடையாது. அதை நீக்கிவிட்டால், எடுத்தவர் திருட நினைத்தார் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை. கடைக்காரர் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை."

எத்தனையோ கொலை, கொள்ளைக்குப் பிறகு கிடைத்த முதல் விடுதலை. கல்லாவம்மா எழுந்து நின்று கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். ஓய்ந்ததும் கனம் மதிப்பெண் தாளை எடுத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"விடுதலை கட்சிக்காரருக்கு. வக்கீல் விஷயம் வேற. கடைசியா அவர் அந்த வார்த்தையைச் சொன்னப்போ உடம்புல கோட்டு இருந்தது. அப்ப விட்டுக்கொடுத்தது வக்கீல். சுவத்துல விதி இருக்கு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா உனக்குத் தேர்ச்சி இல்ல. என்ன சொல்ற?"

என்ன சொல்வான். விதி சுவரிலேயே இருந்தது, கோட்டு உடம்பிலேயே இருந்தது. தலை ஆட ஆரம்பித்தது. வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒருவன் கதறிக்கொண்டிருக்க, வாய் தன் வேலையைப் பார்த்தது.

"அதுவும் நியாயந்தான் சார்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆட்சேபணை" என்றது ஒரு குரல். பதக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரக்கமெல்லாம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "இவர் பாஸானா என்ன, ஃபெயிலானா என்ன, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இப்பத்தான் தீர்ப்புக் கொடுத்தீங்க. 'இந்த நபர்'னு சொன்னீங்க, 'பிறவிப் பழக்கம்'னு சொன்னீங்க. பொறக்கும்போது இவர் கோட்டு போட்டுக்கிட்டா பொறந்தார்? கோட்டு இல்லாதப்போ ஒப்புதல் ஆகாதது, கோட்டு இருந்தா மட்டும் எப்படி விட்டுக்கொடுத்ததா ஆகும்? என்னைத் தோக்கடிச்ச தீர்ப்பு. அது எனக்கு மட்டும் செல்லும், அவருக்குச் செல்லாதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

கனம் தீர்ப்பை எடுத்துப் படித்தார். சுவரைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி தீர்ப்பைப் படித்தார். பேனாவை மூடினார், திறந்தார். கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுவும் நியாயந்தான்" என்றார் கனம்.

மதிப்பெண் தாளில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேர்ச்சி. பதக்கம் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

கூட்டம் கலைந்தபிறகு வெளி வராந்தாவில் மகனை நிற்க வைத்து, கோட்டைக் கழற்றாமலே அப்பா கிழிசலைத் தைத்தார். ஊசி விலாவுக்கு அருகே போய் வந்துகொண்டிருந்தது. சந்தோஷம் இருந்தது, அதை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ஏதோ இழுத்துப் பிடிச்சிருக்கேன்" என்றார் அப்பா கடைசியில். "விடத் துணி சுத்தமா இல்ல. இனிமே நீதான் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சுக்கணும்."

அவன் யோசித்தான். அப்பா சொன்னதில் காரணம் இருந்தது. தலை மெல்ல ஆடத் தொடங்கி, பாதியில் நின்றது.

"முடியாதுப்பா" என்றான்.

ஊசி நின்றது. அப்பா தலையை நிமிர்த்தி, அந்த வார்த்தை வந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்பப் புதுசுதான் தைக்கணும்" என்றார்.